ஆஸ்பத்திரி நடையா, வீட்டு நடையா: எதை அளந்து முடிவெடுப்பது?

"டாக்டர் முன்னாடி ஜோராத்தான் நடக்கிறார். வீட்டுக்கு வந்தா பாத்ரூம் வாசல்ல அப்படியே நின்னுடறார்." பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிறவள் நான், இந்தப் புகாரைக் கேட்காத மாதம் கிடையாது. சொல்வது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். அவர்கள் மிகைப்படுத்துவதில்லை. பார்க்கின்சன் நோய் (உடல் அசைவுகள் மெதுவாகி விறைத்துப்போகும் நரம்பு நோய்) உள்ளவரை டாக்டர் "கொஞ்சம் நடங்க ஐயா" என்றதும் அவர் மொத்தக் கவனத்தையும் காலில் வைத்துவிடுவார். அங்கே தரை சமம், வெளிச்சம் தாராளம், குறுக்கே ஒரு சாமானும் இல்லை. கிளம்பும் முன் போட்ட மாத்திரையும் அந்த நேரத்துக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டிலோ அதே மனிதர் கையில் காபி டம்ளரோடு, பேத்தி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, இரண்டரை அடிக் கதவுக்குள் திரும்ப வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட செயல்பாட்டு வகைப்பாடு இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. ஏற்பாடான சூழலில் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பது ஒரு கணக்கு. தன் வீட்டில், தன் தெருவில் தினமும் எவ்வளவு செய்கிறார் என்பது வேறு கணக்கு. நம் ஆட்கள் கையில் கொண்டுவரும் ரிப்போர்ட்டில் முதல் கணக்குதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இரண்டாவதைச் சேர்ந்தவை. அம்மாவைப் பகலில் தனியே விடலாமா? அப்பா தனியாகச் சோமேஸ்வரர் கோயில் வரைக்கும் போய் வரலாமா? ஸ்டிக் போதுமா, வாக்கர் வேண்டுமா? மாத்திரையைக் கூட்டியதில் பலன் இருக்கிறதா?

இதற்கு இன்று நம் கைக்கு எட்டும் வழிகள் ஆறு: ஆறு நிமிட நடைச் சோதனை, நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கும் சோதனை, நடைவேகம், எங்கெங்கே போய் வருகிறார் என்ற கேள்விப் பட்டியல், போன் அல்லது கைக்கடிகாரம், இடுப்பில் கட்டும் சென்சார். என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு நடைவேகமும் கேள்விப் பட்டியலும் போதும், செலவும் கிடையாது. மற்றவை எப்போது தேவை, எப்போது வீண் என்பதையும் சொல்கிறேன்.

ஆறு நிமிட நடை

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1968-இல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை வீரர்களுக்காகப் பன்னிரண்டு நிமிட ஓட்டச் சோதனையை வகுத்தார். அதையே நுரையீரல் நோயாளிகளுக்காக நடையாக்கினார்கள். பன்னிரண்டு நிமிடம் தாங்கவில்லை என்று 1980-களின் தொடக்கத்தில் ஆறாகக் குறைத்தார்கள். அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2002-இல் இதற்கு விதிமுறை எழுதியது. 30 மீட்டர் நீளமுள்ள நேரான, சமதள நடைபாதை; இரு முனையிலும் கூம்பு; நோயாளி தன் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம், மூச்சு வாங்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. உற்சாகப்படுத்தும் வாக்கியம்கூட இதுதான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது: பக்கத்தில் நின்று "வாங்க வாங்க, சூப்பர்" என்று குரல் கொடுத்தால் தூரம் கூடிவிடும்.

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய பலவீனம், நுரையீரல் ரத்தக்குழாய்களில் உயர் அழுத்தம் என்று மூச்சோடு சம்பந்தப்பட்ட எதற்கும் இது நல்ல சோதனை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி நடக்கவிட்டால், உட்கார்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் ஆக்சிஜன் அளவு நடக்கும்போது சரிவது தெரிந்துவிடும். நுரையீரல் நோயில் சுமார் 30 மீட்டர் வித்தியாசம் வந்தால்தான் உண்மையான முன்னேற்றம் அல்லது பின்னடைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை பெரும்பாலோர் கூடுதலாக நடப்பார்கள், பழகிவிடுவதால். அதனால்தான் 2014-இல் வந்த திருத்திய விதிமுறை இரண்டு தடவை நடத்தி நல்லதை எடுக்கச் சொன்னது. ஒரே தடவை நடத்தி எழுதிய எண்ணை அடுத்த ஆறு மாதத்து எண்ணோடு ஒப்பிட்டு "இருபது மீட்டர் கூடியிருக்கு" என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

பெங்களூரில் இதற்கான சிக்கல் இடம்தான். 30 மீட்டர் காலியான வராந்தா பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும், தெருமுனை கிளினிக்கில் இருக்காது. பத்து மீட்டரில் நடத்தினால் மூன்று மடங்கு திரும்பல்கள் வரும், தூரம் குறையும். பார்க்கின்சன்காரருக்குத் திரும்புவதே பெரும்பாடு. அவர் விஷயத்தில் அது மூச்சை அளக்காமல் திரும்பலை அளந்துகொண்டிருக்கும். வீட்டில் நீங்களாகவே இதைச் செய்து பார்க்கவும் வேண்டாம். கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ கட்டுக்கு அடங்காத நெஞ்சுவலியோ வந்தவருக்கு இது கூடவே கூடாது. ஓய்விலேயே நாடி 120-ஐத் தாண்டினால், ரத்த அழுத்தம் 180/100-ஐத் தாண்டினால் யோசித்துத்தான் நடத்துவார்கள்.

அப்புறம் ஒன்று: ஆறு நிமிடம் இடைவிடாமல் நடப்பது நம் முதியவர்கள் பலருடைய அன்றாடத்தில் இல்லை. மூச்சுக்கும் தாங்குதிறனுக்கும் இது நல்ல அளவுகோல். வீட்டு நடைக்கு மறைமுகமான சாட்சி.

எழுந்து, நடந்து, திரும்பி, உட்கார்வது

கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று பார்ப்பது. 1991-இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் வகுத்தது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கோடு போட்டிருக்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யார் விழுவார், யார் விழமாட்டார் என்று ஜோசியம் சொல்ல முடியாது. எனக்கு இதில் பிடித்தது விநாடி கணக்கைவிட கண்ணில் படும் மற்ற விஷயங்கள்: எழும்போது எத்தனை தரம் முயல்கிறார், திரும்ப எத்தனை குட்டி அடி வைக்கிறார், நாற்காலி பின்னங்காலில் படுவதற்கு முன்பே தொப்பென்று விழுகிறாரா. இதைப் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் பாதிக் கதை சொல்லாமலே புரிந்துவிடும்.

நடைவேகம்

வழக்கமான வேகத்தில் நான்கு மீட்டர் நடக்க எத்தனை விநாடி? அவ்வளவுதான் சோதனை. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2011-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, ஒன்பது நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில் இருந்த 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. வயது, பாலினம், நடைவேகம் மூன்றையும் மட்டும் வைத்துக் கணித்த ஆயுள், நோய்ப் பட்டியலையும் மற்ற விவரங்களையும் வைத்துக் கணித்ததற்கு ஏறத்தாழ சமமாக இருந்தது. நாடி, ரத்த அழுத்தம் வரிசையில் நடைவேகத்தையும் ஒரு உயிர்க்குறியாகச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் துறையில் சிலர் எழுதியதில் அர்த்தம் உண்டு. வேகமாக நடக்க இதயம், நுரையீரல், மூளை, நரம்பு, மூட்டு, கண் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். எதில் கோளாறு வந்தாலும் வேகம் குறையும்.

வீட்டில் இதைச் செய்ய டேப்கூட வேண்டியதில்லை. இப்போதைய வாடகை வீடுகளில் ஹாலில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். ஒன்று சுமார் 60 சென்டிமீட்டர். ஏழு டைல்ஸ் 4.2 மீட்டர். தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் தலா இரண்டு டைல் கூடுதலாக விட்டு நடக்கச் சொல்லுங்கள். வேகம் பிடிப்பதும் குறைப்பதும் கணக்கில் வரக்கூடாது. "கடைக்குப் போற மாதிரி நடங்க" என்பதுதான் நான் சொல்வது. "வேகமா நடங்க" என்றால் அது வேறு சோதனை. முதல் கோட்டைக் கால் தாண்டும்போது போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, ஏழாவது டைலின் முடிவில் நிறுத்தி, தூரத்தை விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். நான்கு மீட்டரை 5 விநாடியில் நடந்தால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். நம் கட்டைவிரல் அரை விநாடி முந்தித் தட்டிவிட்டால் அதே நடை 0.89 என்று காட்டும். நடைவேகத்தில் 0.05 சிறிய மாற்றம், 0.1 பெரிய மாற்றம் என்று கருதுகிறார்கள். அதாவது விரல் தடுமாறியதையே "பெரிய முன்னேற்றம்" என்று நம்பிவிட வாய்ப்பிருக்கிறது. பத்து மீட்டர் இடம் இருந்தால் அதே அரை விநாடித் தவறு 0.8-ஐ 0.83 ஆக மட்டும்தான் மாற்றும். ஆகவே இடம் உள்ளவர்கள் பத்து மீட்டரே வையுங்கள். இல்லாதவர்கள் மூன்று தடவை நடக்கவிட்டு சராசரி எடுங்கள். அல்சூர் சந்துகளில் பத்து மீட்டர் ஹால் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அபார்ட்மென்டின் பார்க்கிங் தளம் இருக்கிறதே, மத்தியானம் கார்கள் போன பிறகு.

எண் கிடைத்த பிறகு? பக்கவாதம் வந்தவர்களுக்கு 1995-இல் வகுத்த பிரிவு இன்றும் கைகொடுக்கிறது: விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள், 0.4-இலிருந்து 0.8 வரை வெளியே அளவோடு, 0.8-ஐத் தாண்டினால் வெளியிடங்களில் தாராளமாக. தசை இளைப்புக்கான ஐரோப்பிய வழிகாட்டி 0.8-ஐ எல்லையாக வைக்கிறது, ஆசிய நாடுகளுக்கான 2019 வழிகாட்டி 1.0-ஐ. எந்த எல்லையும் கல்வெட்டு கிடையாது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்: சாலை. சிக்னல் நேரம் கணக்கிடும்போது பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். இருபது மீட்டர் சாலையை அப்படிப்பட்டவர் 17 விநாடியில் கடப்பார். 0.6-இல் நடப்பவருக்கு 33 விநாடி. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் பாதியில் பச்சை அணைந்தால் பைக் ஓட்டுகிறவர்கள் காத்திருப்பார்களா என்ன? அப்பா தனியாக எதிர்ப்பக்கம் போகலாமா என்ற கேள்விக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட இந்த வகுத்தல் தெளிவான பதில் தரும்.

நடைவேகத்தின் குறை, அதுவும் கவனத்தோடு நடந்த நடைதான் என்பது. அதைக் கொஞ்சம் உடைக்க வழி உண்டு. 1997-இல் ஸ்வீடனைச் சேர்ந்தவர்கள் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள்: கூட நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுப் பதில் சொல்லும் முதியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். அதனால் ஒரு சுற்று சும்மா நடக்கவிட்டு, மறுசுற்றில் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே நடக்கவிடுங்கள். வேகம் எவ்வளவு சரிகிறது, நிற்கிறாரா என்று பாருங்கள். பார்க்கின்சன் என்றால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஒரு தடவை, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ஒரு தடவை. இரண்டுக்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். நரம்பியல் டாக்டருக்கு இதைவிட உபயோகமான துண்டுச் சீட்டு வேறு இல்லை.

எங்கெங்கே போய் வருகிறார்?

2003-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கடந்த நான்கு வாரத்தில் ஐந்து வட்டங்களில் எதுவரை போனீர்கள் என்று கேட்கும். படுக்கையறை தாண்டி மற்ற அறைகள் (1); வாசல், மாடி, வராந்தா (2); தெருவும் அக்கம்பக்கமும் (3); அக்கம்பக்கம் தாண்டி ஊருக்குள் (4); ஊரைத் தாண்டி வெளியூர் (5). ஒவ்வொன்றுக்கும் வட்டத்தின் எண், எத்தனை நாள் என்பதற்கு 1 முதல் 4 வரை, துணை இல்லாமல் என்றால் 2, ஸ்டிக்கோ வாக்கரோ இருந்தால் 1.5, ஆள் உதவி என்றால் 1. மூன்றையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 120.

மர்பி டவுனில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருக்கும், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். வாக்கரோடு தினமும் வீட்டுக்குள்: 1 × 4 × 1.5 = 6. வாரத்தில் நாலைந்து நாள் வாக்கரோடு மாடி வராந்தா: 2 × 3 × 1.5 = 9. வாரம் ஓரிரு தடவை மகன் கைபிடித்துக் கீழே தெருவுக்கு: 3 × 2 × 1 = 6. வாரம் ஒரு தடவைகூட இல்லாமல் எப்போதாவது ஆஸ்பத்திரிக்கு, ஆள் துணையோடு: 4 × 1 × 1 = 4. வெளியூர் இல்லை. மொத்தம் 25. மூன்று மாதம் கழித்து வீட்டுக்குள் எதையும் பிடிக்காமல் நடக்கிறார் (8), ஸ்டிக்கோடு தினமும் வராந்தா (12), வாரத்தில் நாலைந்து நாள் ஸ்டிக்கோடு தானே கீழே இறங்கிப் பூக்காரம்மா வரை (13.5), ஆஸ்பத்திரி அதே (4). மொத்தம் 37.5. இதே காலத்தில் அவர் நடைவேகம் 0.5-இலிருந்து 0.55 ஆகியிருக்கலாம், அந்த எண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் பாட்டி தானே போய் முல்லைப்பூ வாங்குகிறார். குடும்பம் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்?

குறைகளும் உண்டு. ஆட்டோவில் போனாலும் போனதுதான். இது காலின் வேலையை மட்டும் அளப்பதில்லை. லிஃப்ட் ரிப்பேரானால் மதிப்பெண் இறங்கும். மழைக்காலத்தில் சாக்கடை மூடிக் கற்கள் வழுக்கும், தெருவில் தண்ணீர் நிற்கும், யாரும் இறங்கமாட்டார்கள். செப்டம்பர் எண்ணைப் பிப்ரவரி எண்ணோடு ஒப்பிட்டு நோய் குறைந்தது என்று நினைக்கக்கூடாது. இன்னொன்று ஞாபகம். "தினமும் ஏரி வரைக்கும் போறேன்" என்று ஐயா சொல்லுவார். அவருக்குப் பின்னால் நின்று அம்மா இல்லையென்று தலையாட்டுவார். நான் இருவரையும் தனித்தனியே கேட்பது வழக்கம். மறதி நோய் இருந்தால் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனை குறையோடும் எனக்கு இது பிடிக்கிறது. லிஃப்ட் இல்லாததால் ஒருவர் வெளியே வராவிட்டால், தீர்வு தொடைக்குப் பயிற்சி கொடுப்பதா, கீழ்த்தளத்துக்கு வீடு மாறுவதா என்பதையும் இது கேட்கவைக்கிறது. ஸ்டாப்வாட்ச் அதைக் கேட்காது.

போனும் வாட்சும்

பெரும்பாலும் அமெரிக்காவிலோ வைட்ஃபீல்டிலோ இருக்கும் மகன் வாங்கி அனுப்புவது. தவறில்லை, ஆனால் எதை நம்பலாம் என்று தெரிந்து நம்ப வேண்டும். ஐபோனில் 2020-இலிருந்து நடைவேகம், அடிநீளம், இரண்டு காலும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம், இடதுவலது வித்தியாசம் எல்லாம் தானாகப் பதிவாகின்றன. 2021-இல் நடை தள்ளாடாமல் இருக்கிறதா என்ற அளவையும் சேர்த்தார்கள். நினைத்துப் பார்த்தால் அருமையான விஷயம்: யாரும் "நடங்க" என்று சொல்லாதபோது நடந்த நடை அது. நிபந்தனை ஒன்றுதான், போன் இடுப்பருகே இருக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நம் ஐயா வேட்டி கட்டுகிறவர். போன் சட்டைப் பையில். அம்மா புடவை; போன் ஃபிரிட்ஜ் மேல். காலையிலிருந்து ராத்திரி வரை அம்மா அடுக்களைக்கும் பால்கனிக்கும் நடப்பதில் ஒரு அடிகூட அதில் ஏறாது. ஆபீஸ் போகிற நாற்பத்தைந்து வயது பக்கவாதக்காரருக்கு மட்டும் இது சரிப்பட்டு வரும்.

வாட்ச் கையில் இருக்கிறதே என்பீர்கள். அது கை வீசுவதை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. பார்க்கின்சனில் கை வீசுவது குறைவதே முதல் அடையாளங்களில் ஒன்று. மெதுவாக, தேய்த்து நடப்பவரின் அடிகளை இந்தக் கருவிகள் நிறையத் தவறவிடுவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இன்னொரு பக்கம், தேங்காய் துருவினாலும், குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவில் போனாலும் சில கருவிகள் அடி சேர்த்துவிடும். யாருக்கு அளவு அதிகம் தேவைப்படுகிறதோ அவரிடம்தான் இது அதிகம் தவறுகிறது என்பதுதான் வேதனை. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: கடையிலோ நண்பரிடமோ ஒரு வாட்சை இரவல் வாங்கி, நடக்க வேண்டியவர் கையில் மாட்டி, அவர் வைக்கும் ஐம்பது அடியை நீங்கள் வாய்விட்டு எண்ணுங்கள். வாட்ச் நாற்பத்தைந்துக்கு மேல் காட்டினால் சரி, வைத்துக்கொள்ளலாம். முப்பது காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாக்கர் பிடிப்பவருக்கு மணிக்கட்டை விட்டுக் கணுக்காலில் கட்டினால் எண்ணிக்கை தேறுவதுண்டு.

பத்தாயிரம் அடி என்ற இலக்கைச் சொல்லி யாரையும் வதைக்க வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. ஆய்வு நடத்திக் கண்டுபிடித்த இலக்கு கிடையாது. வாட்ச் சரியாக எண்ணுகிறது என்றால், அவரையே அவரோடு ஒப்பிட்டு, வாரச் சராசரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இடுப்பில் கட்டும் சென்சார்

ஆராய்ச்சியாளர்கள் போவது இந்த வழியில். ஐரோப்பாவில் 2019 முதல் 2024 வரை நடந்த மொபிலைஸ்-டி என்ற கூட்டுத்திட்டம் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்), சி.ஓ.பி.டி., இடுப்பெலும்பு முறிவு ஆகிய நான்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு சிறு கருவி, ஏழு நாள். உடலின் நடுப்பகுதி அசைவதால் கை வீசாவிட்டாலும் அடியைப் பிடிக்க முடிகிறது. இப்படி அளந்தபோது தெரிந்தது, வீட்டில் நாம் நடப்பதில் பெரும்பாலானவை அரை நிமிடத்துக்குள் முடியும் துண்டு நடைகள் என்பதும், ஆய்வுக்கூடத்தில் வரும் வேகம் வீட்டில் வருவதில்லை என்பதும். பாத்ரூம் வாசல் புகாரை இப்போது கருவியும் சொல்கிறது.

மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளும் இதை ஏற்கத் தொடங்கிவிட்டன. டியூஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கணுக்காலில் கட்டும் சென்சாரில் பதிவாகும் அவர்களின் மிக வேகமான அடிகளை அளவாக எடுக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் துணை அளவாகவும், 2023-இல் முதன்மை அளவாகவும் ஒப்புக்கொண்டது. ஆறு நிமிடம் வராந்தாவில் நடக்கச் சொன்னால் குழந்தைக்கு அன்றைக்கு மூட் எப்படி என்பதைப் பொறுத்து எண் மாறும். வீட்டில் பந்துக்குப் பின்னால் ஓடும் அடியில் மூட் பிரச்சினை இல்லை.

குடும்பத்துக்கு? உங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வு எதிலாவது சேரக் கேட்டால், நெறிமுறைக் குழு ஒப்புதலும் கையெழுத்துப் படிவமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாராளமாகச் சேரலாம். நீங்களாகத் தேடிப் பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய கட்டத்தில் இது இன்னும் இல்லை. கேமராக்களும் தரையில் அழுத்தத் தகடுகளும் வைத்த நடை ஆய்வகமும் அப்படித்தான்; மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு எந்தத் தசையில் ஆபரேஷன் என்று முடிவு செய்யும்போது அது மிகவும் பயன்படும், தாத்தா கோயிலுக்குப் போகலாமா என்பதற்கு வேண்டியதில்லை.

யாருக்கு எது

மூச்சுத் திணறல்தான் பிரச்சினை என்றால் ஆறு நிமிட நடையை ஆஸ்பத்திரியில், இரண்டு தடவை. பார்க்கின்சனுக்கு நடைவேகம் மாத்திரைக்கு முன்னும் பின்னும், பேசிக்கொண்டே ஒரு சுற்று, கூடவே பாத்ரூம் வாசலில் உறைந்து நிற்பதை வீடியோ. அதை டாக்டர் அறையில் நடித்துக் காட்ட முடியாது. பக்கவாதத்துக்கு நடைவேகமும் சாலைக் கணக்கும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு எழுந்து நடக்கும் சோதனையும் ஐந்து வட்டக் கேள்விகளும். அடிக்கடி விழுகிறவர் என்றால் எந்தச் சோதனையையும் பக்கத்தில் ஆள் நிற்காமல் செய்யாதீர்கள். இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அரை அடி பின்னால், பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் கேட்கிறவர்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் இருக்கின்றன. 40 சதவீதம்தான் பல சலுகைகளுக்கான எல்லை. அந்தச் சதவீதத்தை அரசு வகுத்த முறைப்படி மருத்துவ அதிகாரிதான் போடுவார். நம் ஸ்டாப்வாட்ச் எண் அங்கே செல்லாது. ஆனாலும் சீட்டை எடுத்துப் போங்கள், "வீட்டில் எப்படி?" என்று டாக்டர் கேட்கும்போது சொல்ல வார்த்தை தேட வேண்டியிருக்காது.

வீட்டில் தொடங்குவதானால் இப்படி: தேதி, மணி, கடைசி மாத்திரை எப்போது, செருப்பா வெறுங்காலா, ஸ்டிக்கா வாக்கரா, மூன்று சுற்றின் விநாடி, பேசிக்கொண்டே நடந்த சுற்றின் விநாடி, ஐந்து வட்டத்தின் மதிப்பெண். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும், அதே நேரத்தில், அதே டைல்ஸில். இடையில் விழுந்தாலோ, மருந்து மாறினாலோ, வேகம் 0.1 குறைந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.